பத்து வருடம் முடிய ஏழு மாதம் இருக்கும்போது ப்ரமோஷன்: மறுத்தால் எம்.ஏ.சி.பி. (பதவி மாறாமல் வரும் சம்பள உயர்வு) கிடைக்குமா?

திருச்சி எழுத்தர்:
வணக்கம். 2016 நவம்பரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாக (கீழ்நிலை எழுத்தர்) சேர்ந்தேன். சம்பளப் பட்டியலில் லெவல் 2, இப்போது அடிப்படை ஊதியம் 26,000. போன வாரம் யூ.டி.சி. (மேல்நிலை எழுத்தர்) ப்ரமோஷன் ஆர்டர் வந்தது. போஸ்டிங் ஐதராபாத். மனைவி திருச்சி பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை, மகள் மூன்றாம் வகுப்பு, அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். நான் கிளம்பிவிட்டால் வீட்டை யார் பார்ப்பது என்று தெரியவில்லை.

செக்‌ஷனில் ஒரு நண்பர், "வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு. நவம்பரில் பத்து வருடம் முடிகிறது, எம்.ஏ.சி.பி. தானாக வரும். சம்பளமும் ஏறும், ஊரும் மாறாது" என்கிறார். இன்னொருவர் அது நடக்காது என்கிறார். பதில் கொடுக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. எது சரி?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:
தம்பி, அந்தக் கடிதத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். எம்.ஏ.சி.பி. என்பது பதவி உயர்வுக்கு வழியில்லாமல் தேங்கி நிற்பவருக்கான ஆறுதல். 10, 20, 30 வருடத்தில் வருகிறது, 2008 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பத்து வருடம் முடிவதற்கு முன்பே ப்ரமோஷன் கொடுத்து, நீங்கள் வேண்டாம் என்றால், "இவர் தேங்கவில்லை, வாய்ப்பு கொடுத்தோம்" என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். அப்புறம் நவம்பரில் ஒன்றும் வராது. திட்டத்தின் விதியிலேயே இது தெளிவாக இருக்கிறது. எம்.ஏ.சி.பி.க்கு முன்பு இருந்த ஏ.சி.பி. திட்டத்தில் இப்படி மறுத்த இரண்டு ஊழியர்கள் வழக்குத் தொடுத்து, 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வரை போயும் அவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை.

நண்பர் சொன்னபடியே வந்தாலும் அது லெவல் 3தான், பதவிப் பெயரும் மாறாது. ப்ரமோஷன் உங்களை நேராக லெவல் 4க்குக் கொண்டு போகிறது.

இன்னொன்று. மறுத்தவருக்கு ஒரு வருடமோ, அடுத்த காலியிடம் வரும் வரையோ, எது பின்னால் வருகிறதோ அதுவரை மறுபடி ஆர்டர் கிடையாது. அதற்குள் உங்கள் ஜூனியர் யூ.டி.சி. ஆகிவிட்டால், அந்தப் பதவியில் அவர்தான் சீனியர். பிறகு அதை மாற்ற முடியாது. மறுப்பை ஏற்றுக்கொள்வதும் நியமன அதிகாரியின் கையில்தான் இருக்கிறது. காரணம் போதாது என்று அவர் நினைத்தால், போய்ச் சேரச் சொல்லலாம்.

தஞ்சை_அருண்:
மன்னிக்கவும் சார், எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மறுத்தார். அவருடைய எம்.ஏ.சி.பி.யை யாரும் நிறுத்தவில்லையே?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:
அவர் எம்.ஏ.சி.பி. வாங்கிய பிறகு மறுத்திருப்பார். ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். ஆனால் மறுபடி ப்ரமோஷனுக்குச் சம்மதிக்கும் வரை அடுத்த எம்.ஏ.சி.பி.க்கு அவர் பெயரை எடுக்கக்கூடாது, மறுத்ததற்காக ப்ரமோஷனிலிருந்து விலக்கி வைத்த காலம் அளவுக்கு அது தள்ளியும் போகும். திருச்சித் தம்பிக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை, அதுதான் வித்தியாசம். பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். பக்கத்து சீட்டில் நடந்ததைப் பார்த்துவிட்டு, தேதியைப் பார்க்காமல் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

மலர்விழி:
அண்ணா, மறுப்பதற்கும் பெட்டியைக் கட்டுவதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ப்ரமோஷனை ஏற்றுக்கொள்கிறேன் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அதற்குக் கீழே இடத்தை மட்டும் மாற்றக் கேளுங்கள். கணவன் மனைவியை ஒரே ஊரில் வைப்பது பற்றி 2009 செப்டம்பர் 30 தேதியிட்ட டி.ஓ.பி.டி. (மத்திய அரசின் பணியாளர் துறை) உத்தரவு இருக்கிறது. ஒருவர் மத்திய அரசு, மற்றவர் மாநில அரசு என்றாலும் பொருந்தும். அதே ஊரில் இடம் இல்லையென்றால் அதே மாநிலத்திலாவது பார்க்கலாம் என்கிறது. உரிமை என்று வாதாட முடியாது, ஆனால் அதிகாரி கோப்பில் பதில் எழுதியாக வேண்டும். எனக்குக் கேட்ட ஊர் கிடைக்கவில்லை, மதுரை கிடைத்தது. அதுவே பெரிய நிம்மதி.

மனைவியின் பணிச் சான்று, அப்பாவின் டயாலிசிஸ் அட்டை நகல் இரண்டையும் இணையுங்கள். முடிவு வரும் வரை சேரும் காலத்தை நீட்டிக்கவும் அதே கடிதத்தில் கேளுங்கள். தேதி தாண்டிய பிறகு கேட்டால் அதையே மறுப்பாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

திருச்சி எழுத்தர்:
ரொம்ப நன்றி. சம்பளம் எவ்வளவு ஆகும் என்று யாராவது சொல்ல முடியுமா? வாடகை கொடுத்து இரண்டு வீடு நடத்த முடியுமா என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

பில்_செக்‌ஷன்:
ஜூலை 1க்கு முன்பே சேர்ந்துவிடுவீர்கள் என்று வைத்துச் சொல்கிறேன். சேர்ந்த நாளிலிருந்தே புதிய சம்பளத்தை நிர்ணயம் செய்தால், லெவல் 2ல் ஒரு இன்க்ரிமென்ட் சேர்த்து 26,800. லெவல் 4ல் அதற்கு அடுத்த கட்டம் 27,100. அடுத்த இன்க்ரிமென்ட் ஜனவரி 1ல்தான் வரும்.

ஜூலை 1லிருந்து நிர்ணயம் வேண்டும் என்று ஆப்ஷன் கொடுத்தால் அதுவரை 26,300 மட்டும். ஜூலை 1 அன்று வருடாந்திர இன்க்ரிமென்ட், ப்ரமோஷன் இன்க்ரிமென்ட் இரண்டும் சேர்ந்து 27,600 ஆகி, லெவல் 4ல் 27,900. ஓரிரு மாதம் கொஞ்சம் குறையும், அதற்கப்புறம் நல்ல லாபம். ப்ரமோஷன் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். யாரும் வந்து ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

அடுத்த எம்.ஏ.சி.பி. பற்றியும் பயம் வேண்டாம். லெவல் 4ல் பத்து வருடம் முடிந்ததும் அது வரும்.

திருச்சி எழுத்தர்:
இன்று காலை கடிதம் கொடுத்துவிட்டேன். ஏற்கிறேன் என்பது முதல் வரி. திருச்சி, இல்லையென்றால் தமிழ்நாட்டுக்குள் எங்காவது என்பது இரண்டாவது. நீட்டிப்பும் கேட்டிருக்கிறேன். தபால் பிரிவில் முத்திரை வாங்கிய நகல் கையில் இருக்கிறது. ஆப்ஷன் கடிதத்தையும் எழுதி வைத்துவிட்டேன், சேரும் நாளில் தேதி மட்டும் போட வேண்டும். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.