1986 போர்ஷே 944 டர்போவின் எஞ்சின் கணினியில் சிப் மாற்றலாமா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில் வசிக்கும் நான் 1986ஆம் ஆண்டின் போர்ஷே 944 டர்போ ஒன்றை வைத்திருக்கிறேன். 2.5 லிட்டர் எஞ்சினில் இதுவரை எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. தொழிற்சாலைக் கணக்கில் 217 குதிரைத்திறன். பழைய உதிரிபாகங்கள் விற்கும் ஒருவர், எஞ்சின் கணினியின் எண் அட்டவணைகள் எழுதப்பட்ட சிப்பை மாற்றினாலே 40 குதிரைத்திறன் கூடும் என்று சொல்லி, மேல் ஸ்டிக்கர் உரிந்த ஒரே ஒரு சிப்பைக் காட்டினார். அதை வாங்கலாமா? பொருத்துவதற்கு முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

மறுமொழி 1:

அந்தச் சிப்பை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உங்கள் காரில் கணினிப் பெட்டிகள் இரண்டு உள்ளன. எரிபொருள் அளவையும் தீப்பொறி விழும் நேரத்தையும் கணக்கிடுவது டிஎம்இ. நாக்கிங் (பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பது) எழுகிறதா என்று கவனித்தபடி டர்போவின் பூஸ்ட்டை, அதாவது அது எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கட்டுப்படுத்துவது கேஎல்ஆர். கூடுதல் திறனில் பெரும்பகுதி பூஸ்ட்டை உயர்த்துவதால் கிடைப்பது. ஆகவே இரண்டு பெட்டிகளுக்கும் ஒருவரே எழுதிய ஜோடிச் சிப்புகள்தான் வேண்டும். பூஸ்ட் உயர்ந்து, அதற்கேற்ற பெட்ரோல் சேராமல் போனால், கலவை மெலிந்து நாக்கிங் தொடங்கும். இந்த எஞ்சினில் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்.

ஸ்டிக்கர் உரிந்திருப்பதும் சிறிய விஷயமன்று. இவ்வகைச் சிப்பின் முதுகில் சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். புற ஊதா ஒளி பட்டால் உள்ளே எழுதியவை அழியும் என்பதால்தான் அதை ஸ்டிக்கரால் மூடுகிறார்கள். வெயிலில் நெடுநாள் கிடந்த சிப்பில் எந்த எண் மாறியிருக்கிறது என்பதை வெறும் கண்ணால் அறிய வழியில்லை.

மறுமொழி 2:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். சிப்பைத் தேடுவதற்கு முன் எஞ்சினின் உடல்நிலையைப் பாருங்கள். நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனும் (உள்ளே உண்டாகும் அழுத்தமும்) ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா, இறுகி வெடித்த வேக்குவம் குழாய்கள் உள்ளனவா, டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பவை முதலில் வருகின்றன. பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும் எஞ்சின் இது. பிறகு பெட்ரோல் அழுத்தம். அதைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலை ரெகுலேட்டர் 2.5 பார் அழுத்தத்துக்கானது, பல சிப்புகள் 3 பார் ரெகுலேட்டரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. உங்களுக்குக் கிடைக்கும் சிப் எதை எதிர்பார்க்கிறது என்பதை எழுதியவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பொருத்தும் வேலை கடினமானதன்று, பொறுமைதான் வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்து, உடலின் நிலைமின்சாரம் சிப்பைத் தாக்காதபடி மணிக்கட்டில் தரையிணைப்புப் பட்டை அணிந்துகொள்ளுங்கள். பழைய சிப்பை இரு முனைகளிலும் மாறிமாறிச் சிறிது சிறிதாக நெம்பி எடுங்கள். சிப்பின் ஒரு முனையில் அரைவட்ட வெட்டு ஒன்று இருக்கும். புதியதிலும் அது அதே திசையை நோக்கியிருக்க வேண்டும். திருப்பிப் பொருத்தி மின்சாரம் கொடுத்தால் சிப் கருகிப்போகும். ஒரு கால் மட்டும் சாக்கெட்டுக்குள் இறங்காமல் சிப்பின் அடியில் மடங்கிக்கொள்வதும் உண்டு. ஆகவே டார்ச் அடித்து இரு வரிசைகளையும் பக்கவாட்டிலிருந்து பார்த்த பின்னரே மூடியைப் பூட்டுங்கள்.

கேட்டவர்:

மிக்க நன்றி. அந்தச் சிப்பை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இங்கே கிடைக்கும் 91 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பெட்ரோல் ஜோடிச் சிப்புகளுக்குப் போதுமா?

மறுமொழி 3:

அமெரிக்க பெட்ரோல் பங்க்கில் எழுதியிருக்கும் 91, ஐரோப்பியக் கணக்கில் ஏறத்தாழ 95 அல்லது 96 ஆகும். ஐரோப்பாவின் 98க்காக எழுதப்பட்ட சிப்பை வாங்கினால், தீப்பொறி முந்தி விழுந்து, கேஎல்ஆர் ஓயாமல் அதைப் பின்தள்ள வேண்டியிருக்கும். எனவே 91க்கென்றே எழுதப்பட்ட ஜோடியைக் கேளுங்கள். பொருத்தியபின், கலவையின் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் லாம்டா மீட்டர் மாட்டி, நின்ற இடத்திலேயே காரை ஓட்டித் திறனை அளக்கும் டைனோமீட்டரில் ஓட்டிப் பாருங்கள். மிதமான வேகத்தில் ஆக்ஸிஜன் சென்சார் கலவையைத் தானே திருத்திவிடுவதால் சிப்பின் குறை வெளியே தெரியாது. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போதுதான் அந்தத் திருத்தம் விலகி, சிப்பில் உள்ள அட்டவணை மட்டுமே எஞ்சினை நடத்தும். அங்கே கலவை மெலிந்தால் உடனே காலை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகை மாசைப் பாதிக்கக்கூடிய உதிரிபாகம் எதுவானாலும், கலிபோர்னியாவின் காற்றுவள வாரியம் வழங்கிய விலக்கு எண் இல்லாமல் அதைச் சாலையில் ஓடும் காரில் பொருத்துவது அங்கே சட்டப்படி செல்லாது. 1986 மாடலுக்கு ஸ்மாக் சோதனையும் (புகை மாசுச் சோதனை) உண்டு. பணம் கொடுப்பதற்கு முன் அந்த எண்ணைக் காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள்.