கருநாடக இசைப் பயிற்சி நம் மேடை வாசிப்பில் எங்கே வெளிப்படுகிறது?

கேள்வி: கீபோர்டு வாசிப்பவர், கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். சிறுவயதில் வயலின் கற்கத் தொடங்கி, சரளி வரிசையிலிருந்து வர்ணம், கீர்த்தனை வரை முறையாகப் பாடம் செய்தவன் நான். இப்போது கோயில் திருவிழாக்களிலும் திருமண வரவேற்புகளிலும் வாசிக்கும் மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கிறேன். வயலின் தந்தியில் என் விரல் தானாகவே தேடிப் போகும் கமகங்களை, அதாவது சுரத்தை அசைத்தும் வளைத்தும் ஒலிக்கும் நுணுக்கங்களை, கீபோர்டில் கொண்டுவர முடிவதில்லை என்பதே என் குறை. தோடி ராகத்தின் காந்தாரம் (க) ஓரிடத்தில் நிற்கும் சுரம் அன்று. ரிஷபத்துக்கும் (ரி) மத்திமத்துக்கும் (ம) இடையே அசைந்துகொண்டிருப்பது. கீபோர்டிலோ ஒரு ஸ்தாயி, அதாவது ச முதல் மேல் ச வரையிலான இடைவெளி, பன்னிரண்டு சம பங்குகளாக வெட்டப்பட்டிருக்கிறது. சுரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் திருப்பினால் அந்த அசைவு ஓரளவு கிடைக்கிறது. ஆனால் அதற்கு இடக்கை போய்விடுவதால் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) வாசிக்கக் கை இல்லாமல் போகிறது. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கிப் பல்லாண்டுகள் வெளியே வைத்திருந்ததற்கும் இத்தகைய காரணமே கூறப்பட்டது.

எங்கள் குழுத்தலைவர், "கமகம் எல்லாம் வேண்டாம், பாட்டில் இருப்பதை அப்படியே வாசி" என்கிறார். உள்ளூர் மேடைகளில் வாசிக்கும் உங்களுக்குச் செவ்வியல் பயிற்சி உண்மையில் எந்த இடத்தில் கைகொடுக்கிறது என்று அறிய விரும்புகிறேன்.

பதில்: நாகஸ்வரக் கலைஞர், மன்னார்குடி

தம்பி, கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. மேண்டலினில் கருநாடக இசை வராது என்றுதான் எல்லாரும் எண்ணியிருந்தார்கள், யு. ஸ்ரீநிவாஸ் மின்சார மேண்டலினை எடுத்து, தந்திகளை ஐந்தாகக் குறைத்து, தமக்கு வேண்டிய கமகங்களை அதிலேயே வாசித்துக் காட்டினார். எங்கள் நாகஸ்வரத்திலும் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழுதான். மற்றவையெல்லாம் துளையை முழுதாக மூடாமல் பாதி மூடுவதிலும், மூச்சின் அழுத்தத்திலும், வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதடு பிடிக்கும் பிடிப்பிலும் பிறக்கின்றன.

நான் கோயில் சேவகமும் செய்கிறேன், திருவிழாக் காலத்தில் கரகாட்டத்துக்கு நையாண்டி மேளத்திலும் வாசிக்கிறேன். சுவாமி புறப்பாட்டின்போது கம்பீர நாட்டையில் மல்லாரி வாசித்துவிட்டு, வீதியில் நின்று ராகத்தை விரிவாக ஆலாபனை செய்ய நேரம் உண்டு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பெரியவர்கள் இன்றும் பேசுவது அத்தகைய விரிவுக்காகவே. கரகாட்டத்தில் ஆடுகிறவர்களின் கால் காத்திருக்காது. அங்கே ராகத்தை இரண்டே பிடிகளில், அதாவது அதன் அடையாளமான சிறு சுரத்தொடர்களில், காட்டியாக வேண்டும். எந்த இரண்டு பிடிகள் என்று தெரிந்துகொள்வதற்குத்தான் இத்தனை வருடப் பாடமும் பயன்படுகிறது.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி, செஞ்சுருட்டி, நவரோஜ் ஆகியவற்றில் எதுவும் மேல் சட்ஜத்தைத் தாண்டி உலவுவதில்லை. உச்சச் சுரம் நிஷாதமா (நி), தைவதமா (த), பஞ்சமமா (ப) என்பதைக் கொண்டு நிஷாதாந்தியம், தைவதாந்தியம், பஞ்சமாந்தியம் என்று இலக்கண நூல்கள் பிரிக்கும் இந்த ராகங்கள் ஏறத்தாழ ஒரு ஸ்தாயிக்குள்ளேயே அடங்குகின்றன. பயிற்சி இல்லாத குரல்கள் பலவாகச் சேர்ந்து பாடும்போது எட்டக்கூடிய எல்லையும் அதுதான். தாலாட்டும் காவடியும் மகுடியும் இவற்றில் ஒலிப்பதைக் கேட்கும்போது, இவை மக்களிடமிருந்து கச்சேரிக்குப் போனவை என்றே எனக்குத் தோன்றுகிறது. கழுகுமலை முருகன் மீது அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்து இன்று கச்சேரியின் பிற்பகுதியில் துக்கடாவாக (சிறு உருப்படியாக) பாடப்படுகிறது. ஆகவே, செவ்வியல் இசை நம்மைப் பாதிக்கிறது என்று மட்டும் பேசுவது எனக்குப் பாதி உண்மையாகவே படுகிறது. நாம் கொடுத்ததும் அதில் இருக்கிறது. கூட்டம் சேர்ந்து பாடும் இடத்தில் இந்த ராகங்களை வாசித்துப் பாருங்கள். இவற்றில் கமகம் தோடி அளவுக்குக் கடுமையானது அன்று, கீபோர்டும் ஓரளவு ஈடுகொடுக்கும்.

பதில்: ரிதம் பேட் வாசிப்பவர், மதுரை

நான் மிருதங்கம் படித்தவன். எனக்குப் பயிற்சி கைகொடுப்பது கணக்கில். சரணத்துக்குத் திரும்பும் முன் நான்கு எண்ணிக்கைக்கு, அதாவது பதினாறு மாத்திரைக்கு, எனக்கு இடம் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத்திரையை விட்டுவிட்டு "ததிங்கிணதொம்" என்ற ஐந்தை மூன்று முறை வாசித்தால் பதினைந்து முடிந்து, அடுத்த அடி சமத்தில் (தாளச் சுற்று தொடங்கும் இடத்தில்) விழும். கேட்பவர்களுக்கு அது கருநாடக இசை என்று தெரிய வேண்டியதில்லை. பாட்டு திரும்பும் இடம் அவர்கள் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

பதில்: பேஸ் கிட்டார் வாசிப்பவர், பாளையங்கோட்டை

நான் தேவாலயப் பாடகர் குழுவில் மேற்கத்திய முறையில் பயின்றவன். ஆனால் அதே தேவாலயத்தில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளையும் பாடி வளர்ந்ததால், இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை. பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தார். அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்கு வடமொழியில் நோட்டுசுர சாகித்தியங்களை இயற்றினார்.

இருந்தாலும், உங்கள் சிக்கலின் வேர் கீபோர்டில் வாசிக்கும் மெட்டில் மட்டும் இல்லை, அடியில் போடும் கார்டிலும் இருக்கிறது என்பது என் கருத்து. பாடகர் காந்தாரத்தை அசைத்துப் பாடும்போது நாம் கார்டில் அதே காந்தாரத்தை அசைவின்றி அழுத்திப் பிடித்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. எங்கோ சுருதி விலகியதுபோல் கேட்பவருக்குத் தோன்றும். அத்தகைய இடங்களில் கார்டின் நடுச் சுரத்தை விட்டுவிட்டு, சட்ஜத்தையும் (ச) பஞ்சமத்தையும் மட்டும் பிடிக்கும்படி எங்கள் குழுவில் பேசி வைத்திருக்கிறோம். இந்தோள ராகத்தில் பஞ்சமமே இல்லாததால் அங்கே சட்ஜமும் மத்திமமும் பிடிக்கிறோம். இந்த முறையில் நீங்கள் இடக்கையைத் தயங்காமல் பிட்ச் பெண்ட் சக்கரத்துக்குக் கொடுத்துவிடலாம். அடிச் சுரங்களைப் பேஸ் கிட்டார் பார்த்துக்கொள்ளும். குழுத்தலைவரிடம் வாதிடுவதைவிட, ஒத்திகையில் ஒரே பாட்டை இரண்டு விதமாகவும் வாசித்து அவரைக் கேட்கச் செய்வது நல்லது.

கேள்வி கேட்டவர், கும்பகோணம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கார்டில் காந்தாரத்தை விட்டுவிடலாம் என்ற யோசனையை இன்று வீட்டில் தனியாக வாசித்துப் பார்த்தேன். பதிவுசெய்து வைத்திருந்த எங்கள் பாடகரின் குரலோடு அது நன்றாகவே பொருந்துகிறது. எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவரையும் அழைத்து இதைச் செய்து பார்க்க வேண்டும். மன்னார்குடி ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: செஞ்சுருட்டியில் கரகாட்டத்துக்கு நீங்கள் வாசிக்கும் அந்த இரண்டு பிடிகளைச் சுரப்படுத்தி இங்கே எழுத முடியுமா? முடிந்தால், எந்தச் சுரத்தில் நிற்க வேண்டும், எதைத் தொட்டுவிட்டு விலக வேண்டும் என்பதையும் குறித்துத் தாருங்கள்.

பதில்: நாகஸ்வரக் கலைஞர், மன்னார்குடி

எழுதித் தருகிறேன் தம்பி. ஆனால் சுரத்தைப் பார்த்து வாசிப்பதற்கு முன் அதை வாயால் பாடிப் பழகிக்கொள்ளுங்கள். குரலில் வந்த பிறகு கீபோர்டில் எதை விட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.