அஸ்திவாரத்தைச் சுற்றி வடிகால் பைப் போடணுமா, தரைக்கு மேல் வாட்டமே (சரிவே) போதுமா?

மண்வெட்டி: சொந்தமா ரெண்டு அறைக் கட்டடம் கட்டுறேன். 90 செ.மீ ஆழத்துக்கு வானம் (அஸ்திவாரப் பள்ளம்) வெட்டியாச்சு. அடியில களிமண். நேத்துப் பெய்த மழைத்தண்ணி கணுக்கால் அளவுக்கு இன்னும் நிக்குது. ஃபுட்டிங்கை, அதாவது சுவரைத் தாங்குற அகலமான அடித்தளத்தைச் சுத்தி ஓட்டை பைப்பும் ஜல்லியும் போடலாமா?

ரசமட்டம்: கட்டாயம் போடுங்க. சுவரோரம் 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணி நின்னா, அடியில சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1 டன் அழுத்தம். 4 அங்குல பைப், ஓட்டை கீழ்ப்பக்கம், 100-க்கு 1 வாட்டம். சுத்தி கழுவின ஜல்லி, அதுக்கு வெளியே ஜியோடெக்ஸ்டைல் துணி, தண்ணிய விட்டு மண்ணைத் தடுக்குற வடிகட்டித் துணி. துணி இல்லேன்னா சேறு ஏறி அடைச்சுக்கும்.

கடைக்கால்: எனக்கு இதுல உடன்பாடு இல்ல. களிமண்ணுல பள்ளம் வெட்டி ஜல்லி நிரப்பினா அது வடிகாலா இருக்காது, தொட்டியாத்தான் இருக்கும். பைப்போட வாய் எங்கே திறக்குதுன்னு யாருமே கேட்கலையே? 100 சதுர மீட்டர் கூரையில 1 செ.மீ மழை பெஞ்சா 1000 லிட்டர். முதல்ல அதைச் சுவரை விட்டுத் தள்ளிக் கொண்டு போங்க. சுவரிலிருந்து 3 மீட்டருக்குள்ள 15 செ.மீ இறங்குற மாதிரி மண்ணைப் போட்டுக் கெட்டியாக்குங்க.

ரசமட்டம்: மேல் வாட்டம் மழைக்குச் சரி. மேட்டுப் பக்கமிருந்து மண்ணுக்குள்ளேயே ஊறி வர்ற தண்ணிய அது தடுக்குமா?

கடைக்கால்: தடுக்காது, அது உண்மைதான். ஆனா வாட்டம் கிடைக்கணும்னு ஃபுட்டிங் அடிமட்டத்துக்கும் கீழே ஒட்டி வெட்டிடுவாங்க. நானே முதல் கட்டடத்துல அதைச் செஞ்சேன். அடுத்த மழைக்கு மூலை இறங்கி, ஜன்னல் முனையிலிருந்து சாய்வா விரிசல், நாணயம் நுழையும். அடியில இருந்த மண்ணு பக்கத்துப் பள்ளத்துக்குச் சரிஞ்சுடுச்சு. பூசிப் பூசிப் பார்த்தும் அதே இடத்துல திரும்பத் திறந்துச்சு.

மண்வெட்டி: டியூப் லெவல் (தண்ணி நிரப்பின குழாய்) பிடிச்சு மட்டம் பார்த்தேன். 30 மீட்டர் தள்ளி நிலம் 1.2 மீட்டர் தாழ்வு.

ரசமட்டம்: அப்போ கணக்கு சரியா வருது. மேட்டு மூலையில 75 செ.மீ ஆழத்துல ஆரம்பிங்க. 30 மீட்டருக்கு 30 செ.மீ வாட்டம், கடைசியில 105. தரைக்கு 15 செ.மீ மேலேயே வாய் திறக்கும். ஃபுட்டிங்கை ஒட்டி ஓடுற நீளம் 15 மீட்டரைத் தாண்டாம பார்த்துக்கோங்க, அப்போ ஃபுட்டிங் அடிமட்டமான 90-க்குக் கீழே போகாது.

கடைக்கால்: வாய் வெளியே திறந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல, போடுங்க. ஆனா கூரைத்தண்ணிக்குத் தனிப் பைப், இதோட சேர்க்கவே கூடாது. இலையும் தூசியும் இறங்கினா ஓட்டையெல்லாம் அடைச்சுடும். ஒவ்வொரு மூலையிலும் தரைமட்டம் வரைக்கும் மூடி வெச்ச பைப் ஒண்ணு நிறுத்துங்க, பின்னாடி தண்ணி பீச்சிக் கழுவ வழி வேணும்.