பி-1 விசாவில் வந்தேன், ஷிப்ட் பார்க்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

சூலூர்க்காரன்:
வணக்கம். கொஞ்சம் அவசரம். இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை. அமெரிக்கா வந்து ஒன்பது நாள் ஆகிறது. தெற்கு கரோலினாவில் ஸ்பார்ட்டன்பர்க் பக்கம் தங்கியிருக்கிறேன். தொழில் விஷயமாகக் கொஞ்ச நாள் வந்துபோகத் தருகிற பி-1 விசா, கம்பெனி வேலையாக வந்தது. முந்தாநாள் மத்தியானம் இங்குள்ள புரொடக்‌ஷன் மேனேஜர், "அடுத்த வாரத்திலிருந்து இரண்டாவது ஷிப்டை நீயே பார்த்துக்கொள், மணிக்கு 28 டாலர் தருகிறோம்" என்றார். ஊரில் என் மேனேஜருக்குப் போன் போட்டால், "கஸ்டமர் சொல்றதைச் செய்யப்பா, உறவு கெட்டுடக் கூடாது" என்கிறார். விசாவில் பத்து வருஷம் போட்டிருக்கிறது, ஒன்றும் ஆகாது என்றும் சொல்கிறார். இது சரியா? யாராவது வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மனைவிக்கு ஏழாம் மாதம்.

எடிசன் முருகு:
தம்பி, முதலில் உன் கம்பெனியிடம் எச்-1பி, அதாவது இங்கே வேலை செய்வதற்கான விசா, போடச் சொல். நான் 2008 ஜனவரியில் ஜெர்சி சிட்டிக்கு வந்தபோது எச்-1பி கையில் இருந்தும் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரே அறையில் ஆறு பேர். ஹீட்டர் வேலை செய்யாது. சரியான ஷூ கூட வாங்காமல் பனியில் நடந்து போய் ரயில் பிடித்தேன், இரண்டு கால் விரல் மரத்துப்போய்ப் பத்து நாள் உணர்ச்சியே இல்லை. முதல் சம்பளம் வர ஏழு வாரம் ஆனது. அதுவரை ரூம் நண்பர் ஒருவர்தான் சோறு போட்டார், இன்றைக்கும் அவரை மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன், எது செய்தாலும் முறையான விசாவில் செய்.

மதுரை மல்லி:
முருகு அண்ணா, அவர் கேட்டது அது இல்லையே. எச்-1பி நினைத்தவுடன் கிடைப்பதும் இல்லை. மார்ச்சில் குலுக்கல், பெயர் விழுந்தால் அக்டோபரில் வேலை. அடுத்த வாரத்துக்கு அது எப்படி உதவும்?

கணக்குப்பிள்ளை:
சம்பளம் வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் சம்பளத்துக்கும் வரிக்கும் கேட்கிற சோஷியல் செக்யூரிட்டி எண் எடுங்கள். அப்புறம் வங்கிக் கணக்கு. நான் வந்த முதல் வாரமே இரண்டையும் முடித்தேன்.

மதுரை மல்லி:
பி-1இல் வந்தவருக்கு அந்த எண் எப்படிக் கிடைக்கும்? இங்கே வேலை செய்ய அனுமதி இருப்பவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். தயவுசெய்து அவரை அந்த அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள்.

டாலஸ் தங்கவேல்:
நான் நேராகச் சொல்கிறேன். பி-1 என்றால் மீட்டிங், மாநாடு, ஒப்பந்தப் பேச்சு. அவ்வளவுதான். கையில் ஸ்பானர் எடுத்தால் போச்சு. 2025 செப்டம்பர் 4ஆம் தேதி ஜார்ஜியாவில் எல்லாபெல் என்ற ஊரில் என்ன நடந்தது என்று பார்த்தீர்கள்தானே? ஹூண்டாயும் எல்ஜியும் கட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஆலையில் ஒரே நாளில் 475 பேரைப் பிடித்தார்கள். அதில் 300 பேருக்கு மேல் கொரியாவிலிருந்து வந்தவர்கள். கையிலும் காலிலும் விலங்கு போட்டு பஸ்ஸில் ஏற்றியதை உலகமே பார்த்தது. நம் ஸ்ரீபெரும்புதூரில் கார் செய்கிற அதே ஹூண்டாய்க்கே இந்த நிலை. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து அது காரில் நாலு மணி நேரம்தான். நாளைக்கே டிக்கெட் போட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.

பழைய பெஞ்சு:
இப்படிப் பயமுறுத்தாதீர்கள். நான் 2009இல் பி-1இல் வந்து மின்னியாபொலிஸில் மூன்று மாதம் உட்கார்ந்து மென்பொருள் நிரல் எழுதினேன். என்னோடு எட்டுப் பேர். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாக் கம்பெனியும் செய்வதுதான்.

மதுரை மல்லி:
உங்களைக் கேட்கவில்லை என்பதற்காக அது சரியாகிவிடாது. 2013 அக்டோபரில் இன்போசிஸ் அமெரிக்க அரசுக்கு 3.4 கோடி டாலர் கட்டி ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. பி-1இல் ஆள் அனுப்பி எச்-1பிக்காரர் செய்ய வேண்டிய வேலையை வாங்கினார்கள் என்பதுதான் அரசின் குற்றச்சாட்டு. கம்பெனி அதை மறுத்தது, பணியாளர் படிவங்களில் நடந்த பிழைகளை மட்டும் ஒப்புக்கொண்டது. பெரிய கம்பெனி பணம் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். தனியாக மாட்டுகிற பையன் என்ன செய்வான்?

சூலூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்கப் பயம் கூடுகிறது. நான் ஐடி இல்லை. சர்வீஸ் இன்ஜினியர். கோயம்புத்தூரில் சிஎன்சி லேத், அதாவது கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின், செய்கிற கம்பெனி. இங்கே இரண்டு மெஷின் வந்திருக்கிறது, அதை உட்கார வைத்து ஓட விடத்தான் என்னை அனுப்பினார்கள். தங்கவேல் அண்ணா சொல்வதைப் பார்த்தால் இந்த ஒன்பது நாள் நான் செய்ததே தப்பா? மெஷினை மட்டம் பார்த்து நிறுத்துகிற லெவலிங் எல்லாம் முடித்துவிட்டேனே.

டாலஸ் தங்கவேல்:
தப்புதான் தம்பி. வருத்தமாகத்தான் சொல்கிறேன்.

எடிசன் முருகு:
இந்த மேனேஜர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆளை விமானத்தில் ஏற்றிவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. என்னையும் இப்படித்தான் ஏற்றிவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
தினப்படி எவ்வளவு கொடுக்கிறார்கள்? என் முதல் கம்பெனி 45 டாலர் கொடுத்தது. அதில் மூன்று வேளை சாப்பிட்டு, துணி துவைத்து, வீட்டுக்குப் போனும் பேச வேண்டும்.

சூலூர்க்காரன்:
50 டாலர். மோட்டலில் மைக்ரோவேவ் மட்டும்தான். இங்கே பஸ் இல்லை. பட்டறைக்கு அவர்களே காரில் கூட்டிப் போகிறார்கள். ஒரு வாரமாக ரொட்டியும் முட்டையும்தான்.

பழைய பெஞ்சு:
தென் மாநிலங்களில் கார் இல்லாவிட்டால் பால் வாங்கவும் வழி இல்லை. நேர்முகத் தேர்வு நாள் கிடைக்க மாதக் கணக்கில் காத்திருந்து, கடன் வாங்கிக் கட்டணம் கட்டி வருகிறோம். வந்து பார்த்தால் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மோட்டல்.

எடிசன் முருகு:
எச்-1பியும் இனிமேல் கனவுதான். வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்க ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவித்துவிட்டார்களே. என் அக்கா மகன் இரண்டு வருஷமாக அதற்காகவே படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கிரீன்வில் கோமதி:
கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பையன் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். நான் பதினொரு வருஷமாக இதே பக்கத்தில் மெஷின் சர்வீஸ் பிரிவில் இருக்கிறேன். ஊரிலிருந்து ஆள் வரவழைக்கும் கடிதங்களை என் கையால்தான் தயார் செய்கிறேன். தம்பி, ஆறு விஷயம் சொல். மெஷின் எங்கே செய்தது? விற்றது உன் கம்பெனியா, இடையில் வேறு யாராவதா? நிறுவிக் கொடுப்பது விற்பனை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? உனக்குச் சம்பளம் எங்கே வருகிறது? ஐ-94இல் என்ன தேதி? உள்ளே வரும்போது அதிகாரியிடம் என்ன சொன்னாய்?

சூலூர்க்காரன்:
அக்கா, மெஷின் கோவையில் செய்தது. எங்கள் கம்பெனிதான் நேராக விற்றது. சம்பளம் ஊரில் என் கணக்கில் விழுகிறது. ஒப்பந்தத்தை நான் பார்த்ததில்லை. ஐ-94 என்றால் என்ன? பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைதான் இருக்கிறது. அதிகாரி விஷயம்... அபுதாபியிலேயே அமெரிக்க அதிகாரிகள் விசாரித்தார்கள். டிக்கெட் போட்ட ஏஜென்ட், "மெஷின் கிஷின் என்று சொல்லாதே, பிசினஸ் மீட்டிங் என்று மட்டும் சொல்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்படியே சொன்னேன். எத்தனை நாள் என்றார், ஒரு மாதம் என்றேன். ஆனால் கம்பெனி ஜனவரி 10 வரைக்கும் போட்டிருக்கிறது.

கிரீன்வில் கோமதி:
சரி, இப்போதுதான் பேச முடிகிறது.

முதலில் நல்லது. தங்கவேல் சார் சொன்னது பாதிதான் சரி. வெளிநாட்டுக் கம்பெனி விற்ற இயந்திரத்தை வாங்கினவர் இடத்தில் நிறுவ, பழுது பார்க்க, பராமரிக்க பி-1 செல்லும். இங்கே இருக்கும் ஆட்களுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கவும் செல்லும். நிபந்தனைகள் உண்டு. அந்தச் சேவையைக் கொடுத்தாக வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அந்த மெஷினைப் பற்றி உனக்கு மட்டும் இருக்கிற அறிவு அதற்குத் தேவைப்பட வேண்டும். இங்கே யாரிடமும் சம்பளம் வாங்கக் கூடாது. எல்லாபெல் விவகாரத்துக்குப் பிறகு அதே மாதக் கடைசியில் அமெரிக்க, கொரிய அதிகாரிகள் பேசியபோதும், வாங்கிய கருவியை நிறுவவும் பராமரிக்கவும் பி-1 போதும் என்று அமெரிக்கத் தரப்பே உறுதி சொன்னது. ஆகவே லெவலிங் பார்த்ததோ, அளவு சரி பார்த்ததோ, வெள்ளோட்டம் விட்டு ஐம்பது பீஸ் வெட்டிக் காட்டுவதோ தப்பில்லை. விற்றவன் கடமை அது.

கட்டுமான வேலை மட்டும் விலக்கு. தரையை உடைத்து ஃபவுண்டேஷன் போடுவது, கட்டடத்தில் ஒயர் இழுப்பது போன்றதற்கு இங்குள்ள ஆளைத்தான் வைக்க வேண்டும். பக்கத்தில் நின்று எப்படிச் செய்வதென்று நீ சொல்லலாம்.

இப்போது ஷிப்ட். அது கூடவே கூடாது. மெஷின் ஓடத் தொடங்கியபின் அதில் தினமும் பீஸ் வெட்டி லாரியில் ஏற்றுவது அவர்கள் தொழில். அங்கே நீ நின்றால் இந்த ஊர் ஆபரேட்டர் ஒருவர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறாய். 28 டாலர் வாங்கினாலும் தப்பு, வாங்காமல் சும்மா செய்தாலும் தப்பு. கிஃப்ட் கார்டாகத் தருகிறேன் என்பார்கள், அதுவும் கூலிதான். மோட்டல் வாடகை, சாப்பாடு, போக்குவரத்துச் செலவை அவர்கள் ஏற்றுக்கொண்டால் பாதகமில்லை.

பத்து வருஷக் கதையை விடு. அந்த விசா நீ வாசலுக்கு வந்து கேட்பதற்கான அனுமதி. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பது ஐ-94 என்கிற வருகைப் பதிவில்தான் இருக்கிறது. இப்போது காகிதமாகத் தருவதில்லை. அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஐ-94 இணையப் பக்கத்தில் பாஸ்போர்ட் விவரம் போட்டால் வரும், காசு கிடையாது. அந்தத் தேதியைத் தாண்டி ஒரு நாள் இருந்தாலும் கையில் இருக்கும் விசா செல்லாததாகிவிடும். 180 நாளுக்கு மேல் தாண்டிவிட்டுப் போனால் மூன்று வருஷம், ஒரு வருஷம் தாண்டினால் பத்து வருஷம் திரும்பி வர முடியாது. இன்றே பார்.

எனக்குக் கவலை அபுதாபியில் நீ சொன்னதுதான். நீ செய்ய வந்த வேலை சட்டப்படி சரியான வேலை. அதைச் சொல்லியிருந்தாலே விட்டிருப்பார்கள். ஏஜென்ட் பேச்சைக் கேட்டு மறைத்ததால் சிக்கலாகியிருக்கிறது. தெரிந்தே தவறான தகவல் சொன்னதாக முடிவு செய்தால் நிரந்தரத் தடை வரைக்கும் போகும். விசா விண்ணப்பத்திலும் அழைப்புக் கடிதத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று கம்பெனியிடம் வாங்கிப் பார். இரண்டையும் எடுத்துக்கொண்டு குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசு. செலவைக் கம்பெனி தரட்டும், நாங்கள் எங்கள் ஆட்களுக்குத் தருகிறோம். இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல். சொல்லத் தெரியாவிட்டால் வழக்கறிஞரோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல். ஓடாதே. ஒருவேளை பிடித்து வைத்தால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் கொடுக்கச் சொல்லிக் கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. தெற்கு கரோலினாவுக்கு அட்லாண்டாவில் இருக்கும் துணைத் தூதரகம்.

டாலஸ் தங்கவேல்:
கோமதி அம்மா, இயந்திர விஷயம் எனக்கு இவ்வளவு விவரமாகத் தெரியாது. தம்பி, கிளம்பச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஷிப்ட் மட்டும் வேண்டாம்.

பழைய பெஞ்சு:
ஆனால் கஸ்டமரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? வேலையே போய்விட்டால்?

கிரீன்வில் கோமதி:
வாயால் சொல்ல வேண்டாம், ஈமெயில் போடட்டும். "நிறுவுதலும் உங்கள் ஆபரேட்டர்களுக்கான பயிற்சியும் என் பொறுப்பு. உற்பத்தி ஷிப்ட் எடுக்க என் விசாவில் இடமில்லை. இரண்டாவது ஷிப்டுக்கு நீங்கள் தரும் இருவருக்கு நான்கு நாளில் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்." ஊர் மேனேஜருக்கும் நகல் போகட்டும். அவர்களுக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்ததாக அபராதம் வரும். அதனால் அவர்கள் மனிதவளப் பிரிவுக்கும் ஒரு நகல் போடு. பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும்.

சூலூர்க்காரன்:
அக்கா, ஐ-94 பார்த்தேன். கை நடுங்கிவிட்டது. டிசம்பர் 14 வரைதான் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரு மாதம் என்று சொன்னதால் போல. கம்பெனி சொல்வதை நம்பியிருந்தால் ஜனவரி வரை இங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

கிரீன்வில் கோமதி:
பார்த்தாயே, அதுவே போதும். நீட்டிக்க ஐ-539 என்று ஒரு படிவம் உண்டு, டிசம்பர் 14க்கு முன் போட வேண்டும். ஆனால் உன் நிலைமையில் என் யோசனை, நிறுவுதலை அதற்குள் முடித்துவிட்டுக் கிளம்பு. மிச்சம் இருந்தால் இன்னொருவரைச் சரியான கடிதத்தோடு அனுப்பட்டும். வீட்டில் ஏழாம் மாதம் என்கிறாயே.

சூலூர்க்காரன்:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். ஈமெயில் போட்டேன். மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு அம்மா நேரில் வந்து, ஷிப்ட் விஷயம் தவறாகக் கேட்கப்பட்டது, மன்னிக்கவும் என்றார். திங்கள்கிழமை முதல் இரண்டு ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி. ஒப்பந்தத்தின் அந்தப் பக்கம் கோவையிலிருந்து வந்துவிட்டது. நிறுவுதல், வெள்ளோட்டம், பன்னிரண்டு மாத வாரன்டி எல்லாம் விற்பவர் பொறுப்பு என்று தெளிவாக இருக்கிறது. அழைப்புக் கடிதத்திலும் மெஷின் நிறுவ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். வழக்கறிஞரிடம் நாளை பேசுகிறேன். டிக்கெட்டை டிசம்பர் 11க்கு மாற்றச் சொல்லிவிட்டேன். மேனேஜருக்குக் கோபம்தான். நேற்று வீட்டிலும் சொன்னேன்.

எடிசன் முருகு:
நிம்மதி தம்பி. ஸ்பார்ட்டன்பர்க்கில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. தனிச் செய்தியில் வா, ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சாப்பாடு கொண்டு வரச் சொல்கிறேன்.

கிரீன்வில் கோமதி:
ஒப்பந்தப் பக்கம், அழைப்புக் கடிதம், ஐ-94, மூன்றையும் அச்செடுத்து பாஸ்போர்ட் நகலோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போ. ஊர் போய்ச் சேர்ந்ததும் போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதே. நீ கிளம்பின நாளுக்கு அதுதான் சாட்சி. அடுத்த முறை விசாவுக்குப் போகும்போது கேட்டாலும் கேட்பார்கள்.