அமெரிக்காவில் மச்சான் துப்பாக்கி வாங்கிவிட்டார். விசுவாசியாக என்ன பதில் சொல்வது?

திருநகர்_தம்பி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நான் மதுரை திருநகர், சி.எஸ்.ஐ. சபை. அக்கா குடும்பம் டெக்சாஸில், டல்லாஸ் பக்கம். அங்கே மச்சான் ஒரு கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறார். அவர்கள் போகிற சபையில் பாதுகாப்புக் குழு என்று ஒன்று உண்டு. ஆராதனை நடக்கும்போது நாலைந்து பேர் சட்டைக்குள் துப்பாக்கியை வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவார்களாம். மச்சானையும் அதில் சேரக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

குடும்ப வாட்ஸ்அப்பில் விஷயம் தெரிந்ததும் அம்மா சாப்பிடவே இல்லை. நான் மத்தேயு 5:9 போட்டேன், சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று. அவர் உடனே லூக்கா 22:36 போட்டார், வஸ்திரத்தை விற்றாவது பட்டயம் வாங்கச் சொன்ன வசனம். கூடவே ஒரு செய்தி: 2019 டிசம்பர் 29, டெக்சாஸில் ஒயிட் செட்டில்மென்ட் என்ற ஊர், திருவிருந்து நேரம். ஒருவன் எழுந்து இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். சபையின் பாதுகாப்புக் குழுவில் இருந்த ஒருவர் ஆறே வினாடியில் அவனைச் சுட்டு வீழ்த்தினார். "அவர் கையில் துப்பாக்கி இல்லாமல் இருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள்? மதுரையில் உட்கார்ந்துகொண்டு சமாதானம் பேசுவது சுலபம்" என்று எழுதியிருந்தார்.

எனக்குப் பதில் வரவில்லை. வசனத்துக்கு வசனம் போட்டால் இது முடியாது. விசுவாசத்தினாலேயே துப்பாக்கிச் சாவைத் தடுக்க இறங்கியவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோரிப்பாளையம்_வாசி:

தம்பி, உங்கள் மச்சான் சொல்வதில் என்ன தப்பு? பெண்டாட்டி பிள்ளையைக் காப்பாற்றுவது ஆண்மகனின் கடமை. நெகேமியா அலங்கம் கட்டும்போது ஒரு கையில் வேலை, ஒரு கையில் ஆயுதம் என்றுதானே கட்டினார்கள்? அது அவர்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிற விஷயம். விட்டுவிடுங்கள். அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

தல்லாகுளம்_டீச்சர்:

தம்பி, முப்பது வருஷத்துக்கு மேல் சரித்திரம் நடத்திய பழக்கம், கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

ஒயிட் செட்டில்மென்ட்டில் நடந்ததை மறுக்காதீர்கள். அன்று அந்த மனிதர் அங்கிருந்தவர்களைக் காப்பாற்றினார். ஆனால் அது கடைசி ஆறு வினாடியின் கதை. அதே டெக்சாஸில் இரண்டு வருஷம் முன்னால், 2017 நவம்பர் 5ஆம் தேதி, சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரின் பாப்டிஸ்ட் சபையில் 26 உயிர் போனது. சுட்டவன் விமானப்படையில் இருந்தவன். மனைவியையும், அவளுக்கு ஏற்கெனவே இருந்த குழந்தையையும் அடித்ததற்காக 2012இல் ராணுவ நீதிமன்றம் அவனுக்குத் தண்டனை கொடுத்தது. அப்படித் தண்டனை பெற்றவன் துப்பாக்கி வாங்க முடியாது. ஆனால் விமானப்படை அந்தத் தண்டனையைத் துப்பாக்கி வாங்குவோரைச் சரிபார்க்கும் பதிவேட்டுக்கு அனுப்பவே இல்லை. அவன் கடைக்குப் போய் வாங்கிவிட்டான். பிற்பாடு கட்டிய மனைவியின் அம்மா அவ்வப்போது போய்வந்த சபை அது. அந்த மாமியாருக்கு அவன் மிரட்டல் செய்தியும் அனுப்பியிருந்தான்.

அதாவது ஐந்து வருஷம் முன்பே ஒரு வீட்டுக்குள் ஒரு பெண்ணும் ஒரு பச்சைக் குழந்தையும் அடி வாங்கியபோது இது ஆரம்பித்துவிட்டது. சமாதானம் பண்ணுகிறவர்களுக்கு வேலை இருந்தது அந்த ஐந்து வருஷத்தில். ஒரு தாள் போக வேண்டிய இடத்துக்குப் போயிருந்தாலே அவனுக்கு அந்தக் கடை மூடியிருக்கும். அடிபட்டவளுக்குப் போக இடம், மிரட்டல் வந்ததும் உடனே போலீஸுக்குப் போகக் கூட ஒரு ஆள், இவையெல்லாம் சபைகள் செய்யக்கூடியவை. நம் ஊரில் இப்படி ஒரு பெண் வந்து அழுதால் "பொறுத்துப் போம்மா, ஜெபிப்போம்" என்று அனுப்பிவிடுகிறோம். இதை எத்தனையோ முறை பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், இது அமெரிக்காக்காரர்களின் பிரச்சினை மட்டும் கிடையாது.

நிஜமாக என்ன செய்தார்கள் என்று கேட்டீர்கள். பாஸ்டனைச் சொல்கிறேன். 1990இல் அந்த நகரத்தில் 152 கொலை. நிறைய இளவட்டங்கள், கொக்கெய்ன் விற்கும் கும்பல்கள். 1992 மே மாதம் மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் சபையில் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு பையனுக்கு அடக்க ஆராதனை நடந்தது. எதிர்க் கும்பல் அதற்குள்ளேயே புகுந்து, வந்திருந்த இன்னொரு பையனைக் குத்தியது. துப்பாக்கியும் வெடித்தது. பிரேதம் முன்னால் இருக்கிறது, பிரசங்க பீடம் இருக்கிறது, எதுவும் அவர்களைத் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊர் கறுப்பினப் போதகர்கள் சேர்ந்து டென் பாயிண்ட் கூட்டணி என்று ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி பையன்கள் நிற்கிற தெருமுனைகளுக்கு நடந்தே போனார்கள். முதலில் பல இரவுகள் பிரசங்கம் கிடையாது. நடந்தார்கள், கேட்டார்கள். அப்புறம் பையன்கள் பேச ஆரம்பித்தார்கள். யாருக்கும் யாருக்கும் பகை, அடுத்து எங்கே வெடிக்கும் என்பதெல்லாம் போதகர்களுக்குத் தெரியவந்தது. பழிக்குப் பழி நடப்பதற்கு முன்னால் அந்தந்த வீட்டுக்குப் போய் நின்றார்கள். போலீஸோடும் பேசினார்கள், போலீஸ் அத்துமீறினால் கண்டித்தார்கள். 1999இல் அங்கே கொலை 31. போலீஸின் புதுத் திட்டம், வேலைவாய்ப்பு என்று வேறு காரணங்களும் உண்டு, எல்லாம் போதகர்களால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் வீட்டுக்குள் கால் வைக்க முடிந்த ஆட்கள் அவர்கள்தான்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் அப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அப்பா உசிலம்பட்டிக்கு மேற்கே எழுமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் உபதேசியார். 70கள். பங்காளிகள் இரண்டு வீடு, பொதுக் கிணறு ஒன்று. தண்ணீர் முறையில் தகராறு வந்து ஒருத்தர் கையில் வெட்டு விழுந்துவிட்டது. வெட்டு வாங்கியவர் வீட்டில் கடலைக்காட்டில் பன்றி விரட்ட வைத்திருந்த நாட்டுத்துப்பாக்கி ஒன்று பரணில் கிடந்தது. லைசென்ஸ் எல்லாம் கிடையாது. அவர்கள் கிறிஸ்தவர்களும் இல்லை. ஆனால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அப்பாவிடம் எழுத்துப் படித்தவர்கள். அப்பா நேரே அந்த வீட்டுக் கிழவியிடம் போனார், மகனிடம் பேசவில்லை. "ஆத்தா, அந்தச் சாமான் வீட்டில் இருக்கிற வரைக்கும் நீ தூங்க மாட்டே, நானும் தூங்க மாட்டேன்" என்றார். அந்தம்மா மகனை ஒரு அதட்டுப் போட்டு, அதை இறக்கிக் கோணிச்சாக்கில் சுற்றிக் கொடுத்துவிட்டது. அப்பா அதை அப்படியே கிராம முன்சீப்பிடம் ஒப்படைத்தார்.

அதோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். கிணற்று முறையில் அந்த வீட்டுக்கு அநியாயம் நடந்தது உண்மை. எதிர் வீட்டுக்காரரிடம் மாசக்கணக்கில் நடையாய் நடந்து, யாருக்கு எந்தக் கிழமை என்று எழுதி இரண்டு பேரிடமும் கைநாட்டு வாங்கினார். ஆயுதத்தை வாங்கிக்கொண்டு நியாயத்தை வாங்கித் தராமல் விட்டால் ஆறு மாசத்தில் இன்னொரு ஆயுதம் வந்திருக்கும். ஏன் இவ்வளவு அலைகிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, "இயேசு எனக்காக அலைந்தாரே" என்றுதான் சொல்வார். வேறு காரணம் அவரிடம் இல்லை.

லூக்கா 22ஐ மச்சான் பாதியில் நிறுத்தாமல் வாசிக்கட்டும். இரண்டு பட்டயம் இருக்கிறது என்றதும் ஆண்டவர் "போதும்" என்கிறார். அதே ராத்திரி சீஷன் ஒருவன் வெட்டியபோது தடுத்து, வெட்டுப்பட்டவனின் காதைத் தொட்டுக் குணமாக்குகிறார். தம்மைப் பிடிக்க வந்தவனின் காது அது.

வில்லாபுரம்_நர்ஸ்:

டீச்சர் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். திருநகர் தம்பி, நீங்கள் எல்லோரும் வெளியிலிருந்து வருகிற ஆளையே நினைக்கிறீர்கள். அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கு மேல்!

நான் பல வருஷம் மருந்து குடித்தவர்களைப் பார்க்கிற வார்டில் வேலை செய்தேன். பரீட்சையில் தோற்ற பிள்ளை, வீட்டுக்காரரோடு சண்டை போட்ட பெண், கடன்காரர் வாசலில் நின்றதால் அவமானப்பட்ட ஆள். நிறையப் பேருக்கு அந்த எண்ணம் வந்து ஒரு மணி நேரம் கூட ஆகியிருக்காது. கைக்கெட்டும் இடத்தில் பூச்சிமருந்து இருந்தது, எடுத்துவிட்டார்கள். பிழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் சாவதில்லை என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. துப்பாக்கி என்றால் அந்தப் பிழைப்புக்கே இடம் இல்லை, பத்தில் எட்டு ஒன்பது பேர் போய்விடுகிறார்கள். பூச்சிமருந்தைப் பெட்டியில் பூட்டி வையுங்கள் என்று கிராமம் கிராமமாகச் சொல்கிறோமே, அதே காரியம்தான்.

அதனால் மச்சானிடம் இறையியல் பேசுவதற்கு முன் அக்காவிடம் கேளுங்கள்: அது வீட்டில் எங்கே இருக்கிறது? குண்டு நிரப்பியபடியா? பூட்டா? சாவி எங்கே? பிள்ளைகளுக்கு என்ன வயசு? துப்பாக்கியைக் குண்டு எடுத்துப் பூட்டியும், குண்டுகளைத் தனியாக வேறு இடத்தில் பூட்டியும் வைக்க வேண்டும் என்று அங்கத்திய குழந்தை மருத்துவர்களே சொல்கிறார்கள். வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கிற காலம் என்றால் வீட்டை விட்டே வெளியேற்ற வேண்டும்.

கோரிப்பாளையம்_வாசி:

டீச்சர், உங்கள் அப்பா பெரிய மனிதர், மறுக்கவில்லை. ஆனால் வாசலில் ஒருத்தன் துப்பாக்கியோடு வந்து நிற்கும்போது இதெல்லாம் என்ன செய்யும்? சபையைத் திறந்து போட்டுவிட்டு உட்காரச் சொல்கிறீர்களா?

தல்லாகுளம்_டீச்சர்:

இல்லை ஐயா, திறந்து போடச் சொல்லவில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காக அகிம்சை வழியில் போராடிய போதகர் மார்ட்டின் லூதர் கிங் இதே கேள்வியில் மாட்டியவர். 1956 ஜனவரி 30 ராத்திரி மான்ட்கோமரியில் அவர் வீட்டுத் திண்ணையில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். அவர் ஓடி வந்தபோது வாசலில் ஜனங்கள் ஆயுதத்தோடு கொதித்துக்கொண்டு நின்றார்கள். ஆயுதம் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஆனால் அவரும் பயந்தார். துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பித்தார், கொடுக்க மறுத்துவிட்டார்கள். அந்த நாட்களில் அவர் வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளி நாற்காலியில் உட்காரப் போனால், அதில் துப்பாக்கி கிடந்ததாம். பிறகு மனைவியோடு கலந்து பேசி, அகிம்சைப் போராட்டத்தை நடத்துகிறவன் வீட்டில் ஆயுதம் வைத்திருக்க முடியாது என்று முடிவெடுத்து வெளியேற்றினார். வீட்டைச் சும்மா விட்டாரா? சுற்றிலும் பெரிய விளக்குகள் போட்டார். ராப்பகலாகக் காவல்காரர்களை நிறுத்தினார், ஆயுதம் இல்லாமல்.

இதனால் அவர் சாகாமல் தப்பினார் என்று சொல்ல வரவில்லை. 1968 ஏப்ரல் 4 அன்று அவரைச் சுட்டுக் கொன்றது நமக்குத் தெரியும். 1974இல் அவருடைய அம்மாவையும் சபையில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒருவன் சுட்டுக் கொன்றான். இந்த வழி உத்தரவாதம் தருகிற வழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் சொல்வது, விளக்கு, பூட்டு, வாசலில் நின்று பெயர் கேட்டு வரவேற்கிற ஆள், போலீஸ் எண், மிரட்டல் வந்த குடும்பம் எது என்று தெரிந்து வைத்திருக்கிற போதகர், இதையெல்லாம் செய்துமுடிக்காமல் நேரே துப்பாக்கிக்குப் போகக் கூடாது.

திருநகர்_தம்பி:

டீச்சர், நர்ஸ் அக்கா, ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அக்காவிடம் தனியாகப் பேசினேன். துப்பாக்கி படுக்கை பக்கத்து மேஜை இழுப்பறையில், குண்டோடு இருக்கிறதாம். பெரியவனுக்குப் பதினான்கு வயசு. இந்த வருஷம் புதுப் பள்ளிக்கூடம், யாரோடும் பேசுவதில்லை என்று அக்கா ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நர்ஸ் அக்கா எழுதியதை அப்படியே வாசித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இன்று காலையில் மச்சானே கூப்பிட்டார். பூட்டுப் பெட்டி வாங்கிவிட்டாராம், குண்டுகள் காரேஜில் தனிப் பெட்டியில். வீட்டை விட்டே வெளியேற்றுங்கள் மச்சான் என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றார். மகனோடு தினமும் சாயங்காலம் நடக்கப் போகப் போகிறாராம்.

குழுவில் சேருவதைப் பற்றி அவர் மனசு மாறவில்லை. ஆனால் மிரட்டல் வந்த பெண்கள் யாராவது நம் சபையில் இருக்கிறார்களா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, அதைக் கமிட்டியில் கேட்கிறேன் என்று சொன்னார். டீச்சர், ஒயிட் செட்டில்மென்ட் பற்றி நீங்கள் எழுதியதை அவருக்கு அனுப்பலாமா? மறுக்காதீர்கள் என்று நீங்கள் ஆரம்பித்தது அவருக்குப் பிடிக்கும்.

தல்லாகுளம்_டீச்சர்:

தாராளமாக அனுப்புங்கள். மருமகன் பேசுகிறானா என்பதை மட்டும் எனக்கு மறக்காமல் எழுதுங்கள்.