புதுப்பிப்பு: 'கம் ஆன் ஓவர்' திரும்பக் கேட்டாயிற்று

சின்ன வயதில் தேயத் தேயக் கேட்ட கனடாவின் கன்ட்ரி-பாப் பாடகி ஷனாயா ட்வைனின் 'கம் ஆன் ஓவர்' ஆல்பம் (1997) இப்போதும் பிடிக்குமா என்று முன்பு எழுதியிருந்தேன். சரி, முழுசாகக் கேட்டுவிட்டேன். பிடிக்கிறது, ஆனால் வேறு காரணத்துக்கு. அப்போது அவர் குரல் மட்டும்தான் காதில் விழுந்தது. இப்போது தயாரிப்பாளர் மட் லாங்கின் (அன்றைய கணவரும்கூட) கைவரிசை. கோரஸில் அடுக்கடுக்காக வரும் பின்குரல்கள் அப்படியே லாங் தயாரித்த டெஃப் லெப்பர்டு (பிரிட்டிஷ் ராக் குழு) ஆல்பங்கள்தான்!

அப்புறம், வெளிநாடுகளுக்கென்று தனி மிக்ஸ் (ஒலிக்கலவை) போட்டு, கன்ட்ரி இசையின் அடையாளமான ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் அடக்கியிருக்கிறார்கள். நான் கேட்டு வளர்ந்தது அதைத்தான். அமெரிக்கப் பதிப்பில் ஃபிடில் துள்ளிக்கொண்டு முன்னால் வருகிறது. இனி எனக்கு அதுதான். 16 பாட்டு அதிகம். நடுவில் நாலைந்தைத் தாராளமாகத் தாண்டலாம்.