பழைய நூற்பாலையை இடித்து அடுக்குமாடி: எந்த வரிசையில் கழற்றுவது, சிம்னியை விட்டுவைக்க முடியுமா?

சைட்_ஆபீஸ்:
கோவையில் ஒரு பழைய ஸ்பின்னிங் மில். இடம் 9 ஏக்கர். பிரதான ஷெட் 400க்கு 150 அடி, வடக்குப் பார்த்த கண்ணாடி வைத்த ரம்பப் பல் கூரை, வார்ப்பிரும்புத் தூண்கள், ஒன்றரை அடி செங்கல் சுவர். ஆபீஸ் கட்டிடம் மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைமேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட கூரை). பஞ்சு குடோன் ஜேக் ஆர்ச் (செங்கல் வளைவுக் கூரை). பின்பக்கம் சுமார் 120 அடி செங்கல் சிம்னி ஒன்று நிற்கிறது. வரப்போவது இரண்டு பேஸ்மென்ட்டோடு அடுக்குமாடி.

இடிப்புக்கு வந்த கான்ட்ராக்டர்கள் எல்லாருமே ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: ஜேசிபி, பிரேக்கர் விட்டால் ஒரு மாதம், ஸ்க்ராப்பை எடுத்துக்கொண்டு அவர்களே நமக்குப் பணம் தருவார்களாம். கேட்க நன்றாக இருக்கிறது, அதனால்தான் சந்தேகம். எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு இடிபாடு வரும், மண்ணில் என்ன இருக்கும், சிம்னியை வைத்துக்கொள்ள வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்காரை:
மில் ஷெட்டை வீடு மாதிரி இடிக்க முடியாது. கட்டிய வரிசைக்குத் தலைகீழாகத்தான் இறக்க வேண்டும். கட்டிட இடிப்புக்கான இந்தியத் தரநெறி ஐஎஸ் 4130 (1991) சொல்வதும் அதுதான். டெண்டரிலேயே அந்த எண்ணைப் போட்டு, 'இடிப்பு முறை' என்று தனிக் கடிதம் கேளுங்கள். எழுதித் தர மறுக்கிறவரை அங்கேயே வழியனுப்பிவிடலாம்.

கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் சீட் இருந்தால் முதல் வேலை அது. தண்ணீர் தெளித்து நனைத்தபடி, ஜே-போல்ட்டின் நட்டை வெட்டி, சீட்டை முழுசாகக் கயிற்றில் இறக்க வேண்டும். மேலிருந்து தள்ளிவிட்டு உடைத்தால் நார் காற்றில் கலந்துவிடும், பிறகு அந்த இடிபாடு முழுக்கவே சந்தேகத்துக்குரியது. துணி மாஸ்க் எதற்கும் உதவாது, எஃப்எஃப்பி3 தர மாஸ்க்குக்குக் குறையாமல் வேண்டும். மங்களூர் ஓடாக இருந்தால் கவலை இல்லை. அடுக்கி வைத்தால் விலை போகும்.

அடுத்தது கண்ணாடி, பிறகு பர்லின் (கூரைக் குறுக்குச் சட்டம்), பிறகு ட்ரஸ் (அதைத் தாங்கும் முக்கோணச் சட்டகம்). ஒரு ஓரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு பேயாக (bay, இரண்டு தூண் வரிசைகளுக்கு நடுவிலுள்ள பகுதி) வாருங்கள். பலர் கவனிக்காத விஷயம்: இந்த ஷெட்டுகளில் தூண் தன்னந்தனியாக நிற்கும்படி கட்டப்படவில்லை. கூரைதான் அதைச் சுற்றுச்சுவரோடு பிடித்து வைத்திருக்கிறது, சுவருக்கும் அதே கூரைதான் பிடிமானம். கூரையை மொத்தமாக எடுத்துவிட்டு 20 அடி உயரச் சுவரை 400 அடி நீளத்துக்கு வெறுமனே நிறுத்தி வைத்தால், ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது அது எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு பே கூரை இறங்கியதும் அந்த அளவுக்குச் சுவரையும் இறக்கிவிட வேண்டும். ரோட்டுப் பக்கச் சுவர் என்றால் உள்பக்கமாக, மேலிருந்து வரிசை வரிசையாக, ஆள் வைத்துத்தான்.

வார்ப்பிரும்புத் தூணை ஜேசிபியில் இடிக்கக் கூடாது. ஸ்டீல் வளைந்து எச்சரிக்கும், வார்ப்பிரும்பு வளையாது, சொல்லாமல் உடையும். கேஸ் கட்டிங்கும் அதில் சரியாக ஏறாது. கிரேனில் தலைப்பக்கம் ஸ்லிங் போட்டு, எடை கிரேனுக்கு வந்தபின் அடிப் போல்ட்டைக் கழற்றுவதே முறை. பல மில்களில் இந்தத் தூண் உள்ளே வெற்றுக் குழாய், கூரைத் தண்ணீர் அதற்குள்தான் இறங்கும். அடியில் சேறும் துருவும் நிரம்பி இருக்கும், எடைக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜேக் ஆர்ச் குடோன்தான் ஆளைக் கொல்லும் இடம். ஐ-பீம்களுக்கு நடுவே சின்னச் சின்னச் செங்கல் வளைவுகள், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. ஒரு வளைவை மட்டும் முழுசாக உடைத்தால் பக்கத்து வளைவின் தள்ளலைத் தாங்க ஆள் இல்லை, பீம் விலகும், வரிசையாகச் சரியும். பீம்களை இணைக்கும் டை ராட்கள் எல்லாம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துருப்பிடித்து அறுந்திருந்தால் புதிதாகப் போட்டபிறகே கை வைக்க வேண்டும். எல்லா வளைவுகளிலும் நடு உச்சியிலிருந்து குறுகிய பட்டையாக, சமமாக எடுத்து வரவேண்டும். கடைசிச் செங்கல் போனபின்தான் டை ராட்.

மெட்ராஸ் டெரஸில் ஆபத்து வேறு மாதிரி. மேலே உள்ள சுண்ணாம்புச் செங்கல்-ஜல்லியைப் பெயர்த்து அங்கேயே குவிப்பார்கள். ஒரு அடி உயரம் குவிந்தாலே சதுர மீட்டருக்கு 400 கிலோ. சுவருக்குள் இருக்கும் கட்டை முனை பெரும்பாலும் கரையான் தின்றதாக இருக்கும், வெளியே பார்க்க நன்றாகவே தெரியும். ஒவ்வொரு கட்டை முனையையும் சுவரோரம் சுரண்டிப் பார்க்காமல் மேலே ஆள் ஏற்றாதீர்கள்.

நூல்கண்டு:
மேலே சொன்னது கட்டிடம். மில்லுக்குள் தரைக்குக் கீழே இருப்பதை நான் சொல்கிறேன், பேஸ்மென்ட் தோண்டுகிற உங்களுக்கு அதுதான் முக்கியம்.

ஸ்பின்னிங், கார்டிங் பகுதிகளில் தரைக்கடியில் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட்டுக்கு (காற்றை ஈரமாக்கும் இயந்திரம்) போகும் காற்றுக் கால்வாய் ஓடும், ஆள் குனிந்து நடக்கிற அளவுக்குக்கூட. அதில் பல வருடப் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். மேலே கேஸ் கட்டிங் பொறி ஒன்று விழுந்தால் போதும். ஜுவாலை தெரியாது, உள்ளே கனிந்துகொண்டே போய் ராத்திரியில் வேறொரு மூலையில் புகையும். கட்டிங் ஆரம்பிப்பதற்கு முன்பே கால்வாய்களைத் திறந்து தூசியை வாரிவிட வேண்டும், வேலை முடிந்தபின் இரண்டு மணி நேரமாவது ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும். பஞ்சை உதறிச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமின் தூசி அறையும் இதே கதைதான்.

டிரான்ஸ்பார்மரையும், அதைவிட முக்கியமாகப் பழைய பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர்களையும் ஸ்க்ராப்காரர் தொடும் முன் எண்ணெய் பரிசோதனை செய்யுங்கள். 1980-களுக்கு முந்தைய சரக்கில் பிசிபி என்ற நச்சு ரசாயனம் இருக்க வாய்ப்புண்டு. வரம்பு 50 பிபிஎம். 2016-ம் ஆண்டு மத்திய அரசின் ஆணைப்படி 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு அதை எந்த வடிவிலும் பயன்படுத்தக் கூடாது. ஸ்க்ராப்காரர் வழக்கமாகச் செய்வது, ப்ளக்கைத் திறந்து எண்ணெயைத் தரையிலேயே விட்டுவிட்டுச் செம்பை உருவுவது. அப்படி ஒருமுறை மண்ணில் இறங்கிவிட்டால் அந்த மண்ணே அபாயக் கழிவு, கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையத்துக்கு லாரி வைத்து அனுப்ப வேண்டியது நீங்கள்.

சிம்னி பற்றி ஒரு குறிப்பு. பைக்காரா மின்சாரம் 1930-களின் ஆரம்பத்தில் வந்தபிறகுதான் கோவையில் மில்கள் சரசரவென்று பெருகின. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நீராவி இன்ஜினே கிடையாது. ஆகவே உங்கள் இடத்தில் சிம்னி இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று: மில் அதற்கும் முந்தையது, அல்லது சைசிங் (நூலுக்குக் கஞ்சி போடுவது), சாயப் பட்டறைக்குத் தனி பாய்லர் இருந்திருக்கிறது. முதலாவது என்றால் இன்ஜின் ஹவுஸ் அடியில் கருங்கல்லும் கான்கிரீட்டுமாகப் பெரிய மேடை இருக்கும், சாதாரண பிரேக்கருக்கு அசையாது, அதற்குத் தனி ரேட் பேசிக்கொள்ளுங்கள். இரண்டாவது என்றால் மண்ணைப் பாருங்கள். சாயப் பட்டறை, ஃபர்னஸ் ஆயில் தொட்டி, டிரான்ஸ்பார்மர் யார்டு, சாம்பல் கொட்டிய இடம், இந்த நான்கிலும் அரை மீட்டர், ஒன்றரை மீட்டர், மூன்று மீட்டர் ஆழத்தில் மண் எடுத்து குரோமியம், ஈயம், எண்ணெய், பிசிபி பார்க்கச் சொல்லுங்கள். மற்ற இடத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

பழையமரம்:
பணம் தருகிறேன் என்று கான்ட்ராக்டர் சொல்வதன் ரகசியம் தேக்கிலும் இரும்பிலும் இருக்கிறது. 'மொத்தமாக' என்று கொடுக்காதீர்கள். மரம், இரும்பு, செம்பு, செங்கல் நான்குக்கும் தனித்தனி ரேட் வாங்குங்கள். தேக்குக் கட்டையைச் சுவரோரம் அறுத்து இறக்குவது அவசரக்காரர் வேலை. இரண்டு முனையிலும் ஒரு அடி போய்விடும், நீளம் குறைந்தால் கன அடி விலையும் இறங்கும். சுவரை மேலிருந்து எடுத்துக்கொண்டே வந்து கட்டையை முழு நீளமாக உருவ வேண்டும். ஆணியை அங்கேயே பிடுங்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அறுவை மில்லில் ரம்பம் போகிறது என்று விலையைக் குறைப்பார்கள்.

செங்கல்: சுண்ணாம்புக் காரையில் கட்டியதென்றால் தட்டினால் காரை உதிரும், முக்கால்வாசி முழுக் கல்லாகத் தேறும். பிற்காலத்தில் சிமென்ட்டில் கட்டிய ஒட்டுச்சுவர் எல்லாம் ஜல்லிக்குத்தான். ஜேசிபி வைத்துத் தள்ளினால் இரண்டும் கலந்து எதுவும் தேறாது.

அளவு: சுற்றளவு 1,100 அடி × 20 × 1.5 = 33,000 கன அடி, அதாவது 330 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). ஜன்னல், கதவுக்குக் கால்பங்கு கழித்தால் 250 யூனிட், எடையில் சுமார் 1,350 டன். உடைத்தபின் உப்பி 350 யூனிட் ஆகும், நாலு யூனிட் டிப்பரில் 88 நடை. இது ஷெட்டின் வெளிச்சுவர் மட்டுமே, தரை, அஸ்திவாரம், மற்ற கட்டிடங்கள் சேரவில்லை. 2016-ம் ஆண்டு கட்டிடக் கழிவு விதிகளில் ஒரு நாளைக்கு 20 டன் அல்லது மாதத்துக்கு 300 டன்னைத் தாண்டினாலே பிரித்துவைத்து, கழிவுத் திட்டத்துக்கு மாநகராட்சி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று இருந்தது. புதிய விதிகளும் வந்திருக்கின்றன, அதையும் பார்த்துவிடுங்கள். டிப்பர் போகிற இடத்தை எழுதி வாங்காவிட்டால் இரவோடு இரவாக ஏதாவது குளத்தங்கரையில் கொட்டுவார்கள், நோட்டீஸ் இடத்துக்காரர் பெயரில் வரும்.

சைட்_ஆபீஸ்:
மூவருக்கும் நன்றிங்க. ஹியூமிடிபிகேஷன் கால்வாய் வரைபடத்திலேயே இல்லை, திறந்து பார்க்கச் சொல்லிவிட்டேன். சிம்னியை வைத்துக்கொள்வது பற்றி?

சுண்ணாம்புக்காரை:
முடியும், ஆனால் இடிப்பு தொடங்கும் முன்பே முடிவெடுக்க வேண்டும். செங்குத்து அளவை டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவியில் இரண்டு திசையிலும் எடுங்கள். உச்சி 10 அடியில் காரை போயிருக்கும், அரசங்கன்று முளைத்திருக்கும். வெட்டினால் மட்டும் போதாது, வேர் இறங்கிய வரிசை வரை கல்லைப் பிரித்து மறுபடி சுண்ணாம்பில் கட்ட வேண்டும். சிமென்ட்டில் பூசாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் முகம் உரியும். இரும்புப் பட்டைகளைப் பாருங்கள், இடிதாங்கிச் செம்புப் பட்டை பெரும்பாலும் திருடு போயிருக்கும், புதிது போட வேண்டும்.

பெரிய எதிரி உங்கள் பேஸ்மென்ட்தான். அடித்து இறக்கும் பைல் (ஆழமான அஸ்திவாரத் தூண்) வேண்டாம், துளைபோட்ட பைல் மட்டும். சிம்னி அடியில் அதிர்வுமானி வைத்து வினாடிக்கு 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும். பழைய கட்டிடங்களுக்கு ஜெர்மன் தரநெறி டிஐஎன் 4150 குறைந்த அதிர்வெண்ணில் தரும் வரம்பு அது. பாய்லர் ஹவுஸிலிருந்து வரும் புகைச் சுரங்கம் சிம்னி அடியில் ஒரு பக்கம் திறந்திருக்கும். அதை மண் போட்டு மூடாமல் செங்கல் வைத்துக் கட்டி அடையுங்கள்.

இறக்குவதுதான் என்றால் 9 ஏக்கர் இருக்கிறது, சாய்த்துவிடலாம் என்பார்கள். உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 180 அடி சுற்றிலும் காலியாக இருக்க வேண்டும். அது இருந்தாலும் சாரம் கட்டி மேலிருந்து எடுத்து, கல்லை உட்புறமாகப் போட்டு, அடியில் ஒரு வாசல் வைத்து அள்ளுவதே நல்லது. மேலே ஆள் இருக்கும்போது அடியில் அள்ளக் கூடாது.

நூல்கண்டு:
சிம்னியை மட்டும் வைத்துக்கொண்டு ஷெட்டை முழுக்க எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மும்பையில் லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் மில் சிம்னி மாலுக்கு நடுவே நிற்கிறது, கீழே என்ன நடந்தது என்று அதைப் பார்த்து யாருக்கும் புரியாது. அங்கே 1991 விதி மில் நிலத்தை மூன்றாகப் பிரித்து மாநகராட்சிக்கு ஒன்று, வீட்டுவசதிக்கு ஒன்று, உரிமையாளருக்கு ஒன்று என்றது. 2001 திருத்தம் 'காலி இடத்தை மட்டும்தான் பிரிக்க வேண்டும்' என்று சுருக்கியது, 2006-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. கட்டிடம் நின்ற நிலம் பங்கீட்டிலிருந்து தப்பியது, கட்டிடம் தப்பவில்லை. சென்னை பெரம்பூர் பின்னி மில்லில் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, 1921 வேலைநிறுத்தம் நடந்தது. 1996-ல் மூடிய அந்த வளாகத்தில் இப்போது அடுக்குமாடி.

உங்கள் ஷெட்டில் ஆறு பே, அதாவது கூரை, தூண், சுவர் சேர்த்து 60க்கு 150 அடி விட்டுவைத்தாலே கிளப் ஹவுஸுக்குப் போதும். வடக்கு வெளிச்சம் வெயில் இல்லாமல் வரும், ஏசி செலவு குறையும். ஆனால் வெட்டிய முனையில் புதிதாக ஸ்டீல் ஃப்ரேம் போட்டுத் தாங்கியபிறகே அடுத்த பேயைக் கழற்ற வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்பதால் பத்து சதவீதம் ஓஎஸ்ஆர் (பொதுத் திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் கொடுக்கப்போகிறீர்கள். வைத்துக்கொள்ளும் ஷெட்டும் சிம்னியும் அந்தப் பத்து சதவீதத்துக்குள் விழாமல் லேஅவுட் போடுங்கள், விழுந்தால் பராமரிப்பு யாருடையது என்ற சண்டை முடியவே முடியாது. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டுவதால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும், அந்த விண்ணப்பத்திலேயே இடிப்புத் திட்டத்தையும் சேருங்கள்.

இன்னொன்று: மெஷின் போகும் முன் பெயர்த் தகடுகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓல்டாம் பிளாட் பிரதர்ஸ், அக்ரிங்டன் ஹவர்ட் அண்ட் புல்லோ என்று வார்ப்பிலேயே இருக்கும், பக்கத்தில் வருடமும் இருக்கலாம். கட்டிடம் எந்தக் காலம் என்று முடிவுசெய்ய ரெவின்யூ ரெக்கார்டைவிட அது உதவும். ஸ்க்ராப்காரர் முதல் நாளே உடைப்பது அதைத்தான்.

பழையமரம்:
மில் வளாகத்தில் கிணறு இரண்டு மூன்றாவது இருக்கும், ஒன்று நிச்சயம் ஷெட் தரைக்குக் கீழே மூடப்பட்டிருக்கும். டிப்பர் போகும் பாதையைக் குறிக்கும் முன் பழைய வாட்ச்மேன் யாராவது இருந்தால் கேட்டுவிடுங்கள். கிணற்றை இடிபாடு கொட்டி மூடாதீர்கள். தூர் வாரி, கீழே பெரிய கல், மேலே கிராவல் என்று ஒரு அடி ஒரு அடியாகக் கெட்டித்து வாருங்கள், இல்லையென்றால் அடுத்த மழைக்கு அந்த இடம் மட்டும் இறங்கும்.